ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்குப் போனிலேயே இலவசமாக மருத்துவ ஆலோசனை கிடைக்குமா?

கிடைக்கும். உங்களுக்குப் பெங்களூரில் வேலை, அம்மா தருமபுரி பக்கம் ஒரு கிராமத்தில், டாக்டரைப் பார்க்க பஸ் ஏற வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் 104. தமிழ்நாடு அரசின் இலவச மருத்துவ ஆலோசனை எண் இது, இரவிலும் எடுப்பார்கள். இந்த எண்ணை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக நடத்துகிறது. அதனால் நீங்கள் இங்கிருந்து அழைக்காமல், அம்மாவின் போனிலிருந்தே அழைக்கச் சொல்லுங்கள்.

அழைக்கும்போது மாத்திரை அட்டை கையில் இருக்க வேண்டும். அல்சூரில் இருந்துகொண்டு என் அம்மாவுக்கு நான் பழக்கியது இதைத்தான். "வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு" என்றால் மறுமுனையில் இருப்பவருக்கு என்ன புரியும்? பக்கத்து வீட்டுப் பெண் அட்டையின் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்த பிறகுதான், அது பிரஷர் மாத்திரை, தானாக நிறுத்தக் கூடாது என்று சொன்னார்கள். அம்மா இரண்டு நாளாக நிறுத்தி வைத்திருந்தார்.

ஸ்மார்ட்போன் உள்ள யாராவது அருகில் இருந்தால், இ-சஞ்சீவனி என்ற மத்திய அரசின் இலவச இணையவழி மருத்துவச் சேவை மூலம் டாக்டரிடம் வீடியோவில் பேசலாம். மருந்துச் சீட்டும் வரும். அப்புறம், தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. நம் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைதான் அதற்குத் தலைமை மையம். தமிழிலேயே பேசலாம். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இந்த எண்ணை யாரும் சொல்வதே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பாம்புக்கடி, திடீரென வாய் கோணுவது, இதற்கெல்லாம் ஆலோசனை கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். நேரே 108.