குறட்டை நடுவில் நின்றுபோனால்...

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயது. தேங்காப்பட்டணத்திலிருந்து திருநெல்வேலிக்கு மீன் வண்டி ஓட்டுகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி எடுக்க வேண்டும் என்று எட்டு மணிக்கே படுத்துவிடுவார். குறட்டை பல வருஷமாக உண்டு. இப்போது நடுவில் சத்தம் அப்படியே நின்றுபோகிறது. கொஞ்ச நேரம் கழித்து 'ஹக்'கென்று மூச்சை இழுத்துக்கொண்டு துள்ளுகிறார். நான் எழுந்து உட்கார்ந்து அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பேன். மாமியார், "நல்லா உறங்குகவன்தான் கொறட்டை விடுவான்" என்கிறார். இவரும் தனக்கு ஒன்றுமில்லை என்கிறார். நான் வீணாகப் பயப்படுகிறேனா?
- ஒரு வாசகி, கருங்கல்

பதில்: வீணாக இல்லை அம்மா. கவனிக்க வேண்டியதைத்தான் கவனித்திருக்கிறீர்கள்.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழி குறுகும். அந்தக் குறுகலில் காற்று புகும்போது உள்நாக்கும் அண்ணமும் அதிர்வதுதான் குறட்டை. வழி முழுக்க அடைத்துக்கொண்டால் சத்தம் நின்றுவிடும். நெஞ்சும் வயிறும் மூச்சுக்காக ஏறி இறங்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போது மூளை உலுக்கி எழுப்பும். நீங்கள் கேட்கிற 'ஹக்' அதுதான். இப்படி 10 வினாடிக்கு மேல் மூச்சு நின்றால் நாங்கள் ஒன்று என்று எண்ணுவோம். மணிக்கு 5 தடவையைத் தாண்டினால் ஸ்லீப் ஆப்னியா என்கிற நோய். 30ஐத் தாண்டினால் கடுமையான நிலை. அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அவரை யாரோ தட்டி எழுப்புகிறார்கள். ஆனால் காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது.

மாமியார் சொன்னதைத்தான் எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். எனக்கு 49 வயதில் இதே நோய் இருந்தது. மனைவி சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். டாக்டராக இருந்தும் இரண்டு வருஷம் நான் நம்பவில்லை. ஒருநாள் செல்போனில் பதிவு செய்து கேட்க வைத்தாள். ஓர் இடத்தில் சத்தம் நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன், 34 வினாடி. அவ்வளவு நேரமும் அவள் பக்கத்தில் விழித்துக் கிடந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதனால் அவரிடம் சொல்லிவிட்டு நீங்களும் ஒரு ராத்திரி வீடியோ எடுங்கள்.

இன்னும் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். காலையில் தலைவலியோடு, வாய் வறண்டு எழுகிறாரா? ராத்திரி இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுகிறாரா? பிரஷர் மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லையா? சட்டைக் காலர் 17 அங்குலம் இருக்குமா? குண்டானவர்களுக்குத்தான் வரும் என்றில்லை, தாடை சிறுத்த ஒல்லியானவர்களுக்கும் வரும்.

என் கவலையெல்லாம் அந்த இரண்டு மணி வண்டியைப் பற்றித்தான். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ரோடு நேராகப் போகும். அங்கே கண் சொக்கியதுண்டா என்று அவரிடம் பக்குவமாகக் கேளுங்கள். கட்டன் சாயா குடித்து ஓட்டிவிடலாம் என்பார். ராத்திரி முழுக்க மூச்சு அடைத்து எழுந்த மூளைக்குச் சாயா போதாது.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். நீங்களும் கூடப் போங்கள், "எத்தனை தடவை நிற்கிறது?" என்று டாக்டர் கேட்டால் அவருக்குத் தெரியாது. உடம்பில் ஒயர் ஒட்டி உறங்க வைத்துப் பார்க்கும் ஸ்லீப் ஸ்டடி எங்கே செய்வது என்று அவர்கள் சொல்வார்கள். நோய் உறுதியானால் பெரும்பாலும் சிபாப் மெஷின் தருவார்கள். மூக்கில் மாட்டிய மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து தொண்டை மூடாமல் பிடித்து வைக்கும் கருவி அது. 1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் என்ற டாக்டர் கொண்டுவந்தது. முதல் இரண்டு வாரம் எனக்கு மாஸ்க் பெரும் தொல்லையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அதுவரை மல்லாந்து படுக்க விடாதீர்கள், சரிந்து படுக்கட்டும். மது இருந்தால் நிறுத்த வேண்டும். உறக்க மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்தும். எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது நல்லது.

பரிசோதனை முடிகிறவரை அவர் ராத்திரி வண்டி ஓட்ட வேண்டாம். ஓட்டத்தை விட்டால் சம்பளம் போகும் என்பது எனக்குத் தெரியும். முதலாளியிடம் சொல்லி, கொஞ்ச நாளைக்கு வேறு டிரைவரைப் போடச் சொல்லுங்கள். அவர் கேட்கக் கூச்சப்பட்டால் நீங்களே போய்ப் பேசுங்கள்.