ரோமில் எங்கே சாப்பிடலாம்? கேள்வி பதில்

ரோமில் தெஸ்தாச்சோ பகுதியில் குடியிருக்கிறேன். இங்கே சுற்றுலா வரும் நம்மவர்கள் சாப்பாடு பற்றிக் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் சேர்த்துத் தந்திருக்கிறேன். ரோமை வைத்துச் சொன்னாலும் இதில் பாதி இத்தாலியின் எந்த நகரத்துக்கும் பொருந்தும்.

கேள்வி (சென்னை): அக்கா, மே மாதம் நாலு நாள் ரோமில் இருக்கிறோம். கொலோசியம், த்ரெவி நீரூற்று, வாடிகன் பக்கத்திலேயே நல்ல ஹோட்டல்கள் பேர் சொன்னால் போதும்.

பதில்: பேர் சொல்கிறேன் தம்பி. அதற்கு முன்னால், என்ன சாப்பிடப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கடை அப்புறம். ரோமுக்கென்றே நாலு பாஸ்தா உண்டு. செம்மறியாட்டுப் பாலில் செய்த பெக்கொரினோ சீஸும் மிளகும் மட்டும் என்றால் காச்சோ எ பேப்பே. அதோடு க்வான்ச்சாலே, அதாவது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கன்னக்கறி, சேர்ந்தால் க்ரிச்சா. க்ரிச்சாவில் தக்காளி சேர்ந்தால் அமத்ரிச்சானா, முட்டை சேர்ந்தால் கார்பொனாரா. ரோமில் கார்பொனாராவுக்கு க்ரீம் கிடையாது. மெனுவில் க்ரீம் என்று எழுதியிருந்தால் அந்தக் கடை உள்ளூர்க்காரரை நம்பி நடக்கவில்லை என்று அர்த்தம்.

கொலோசியம் பார்த்துவிட்டு அங்கேயே உட்காராதீர்கள். மெட்ரோ பி வழியில் இரண்டாவது ஸ்டாப் பிராமிதே. இறங்கிக் கொஞ்சம் நடந்தால் தெஸ்தாச்சோ. அங்கே ஃபெலிச்சே என்ற கடை காச்சோ எ பேப்பேவுக்குப் பேர் போனது. வாடிகன் என்றால் பிராத்தி பக்கம் வாருங்கள். சீப்ரோ மெட்ரோ ஸ்டேஷனுக்கு அருகில் பிட்சாரியும் என்ற சின்னக் கடையில் பீட்சாவை எடைக்கு வெட்டித் தருவார்கள். அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே த்ரியோன்ஃபாலே சந்தை இருக்கிறது. பழம், சீஸ், ரொட்டி வாங்கி மதியத்தை முடித்துக்கொள்ளலாம். த்ரெவியைச் சுற்றித்தான் கஷ்டம். பாந்தியோன் என்ற பழங்காலக் கோயிலை ஒட்டி 1961 முதல் நடக்கும் அர்மாந்தோ உணவகம் மாதிரி விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பல நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

கேள்வி (திருச்சி): சுற்றுலாக்காரர்களை ஏமாற்றும் கடையை வாசலிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். வாசலில் நின்று ஒருவர் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுவார். மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் வெயிலில் வெளுத்த ஒரு போட்டோ இருக்கும். அது ஏழெட்டு மொழியில் இருக்கும், பக்கம் பக்கமாக நீளும். மாலை நாலு மணிக்கும் சுடச்சுட பாஸ்தா கிடைக்கும். இதில் இரண்டு மூன்று ஒன்றாகச் சேர்ந்தால் நகர்ந்துவிடுங்கள். த்ராத்தொரியா என்றால் சாதாரணக் குடும்ப உணவகம். நல்ல த்ராத்தொரியாவின் மெனு ஒரே தாளில் அடங்கும், சில இடங்களில் கையால் எழுதியிருக்கும். வியாழக்கிழமை நொக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டை, வெள்ளிக்கிழமை உப்புக் கருவாடான பக்கலாவோ கொண்டைக்கடலை போட்ட பாஸ்தாவோ, சனிக்கிழமை த்ரிப்பா என்ற குடல்கறி. இந்தப் பழைய ரோம் வழக்கம் ஒரு கடையின் பலகையில் எழுதியிருந்தால் எனக்கு உடனே மரியாதை வந்துவிடும்.

கேள்வி (கோயம்புத்தூர்): நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மாமியாரும் கூட வருகிறார். பீட்சாவை வைத்தே நாலு நாளையும் ஓட்ட வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஆனால் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இங்கே சைவம் என்று நினைத்துத் தருவதிலும் நமக்கு ஆகாதது இருக்கும்.

முதலில் சீஸ். பெக்கொரினோ ரொமானோவில் பாலைத் திரிக்க ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்ப்பார்கள். பார்மெசானில் கன்றுக்குட்டியுடையது. மாமியார் இதைப் பார்ப்பவர் என்றால் காச்சோ எ பேப்பே அவருக்கு ஆகாது. இரண்டாவது நெத்திலி. பூசணிப்பூ வறுவல் பார்த்தால் ஆசையாக இருக்கும், உள்ளே மொசரெல்லா சீஸோடு உப்பிட்ட நெத்திலி இருக்கும். புந்தாரெல்லே என்ற கீரைத்தண்டு சாலட்டிலும் அப்படியே. மூன்றாவது சுப்ளி. சோற்று உருண்டைக்குள் மொசரெல்லா வைத்துப் பொரித்தது, ஆனால் அந்தச் சோற்றையே கறிக் குழம்பில்தான் வழக்கமாக வேகவைப்பார்கள். நான்காவது முட்டை. தொன்னரெல்லி, ஃபெத்துச்சீனே போன்ற புதுப் பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை உண்டு. ஸ்பகெட்டி, பென்னே, ரிகத்தோனி போன்ற உலர்ந்த பாஸ்தா கோதுமையும் தண்ணீரும்தான்.

சரி, என்ன சாப்பிடலாம்? பென்னே அர்ராபியாத்தா: பூண்டு, தக்காளி, காய்ந்த மிளகாய். மேலே சீஸ் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பீட்சாவில் மரினாரா கேளுங்கள், அதில் சீஸே கிடையாது, தக்காளியும் பூண்டும் ஒரெகானோவும்தான். சிகோரியா ரிப்பஸ்ஸாத்தா என்பது கசப்புக் கீரையை வேகவைத்துப் பூண்டு, மிளகாயோடு ஆலிவ் எண்ணெயில் வதக்கியது. மாமியாருக்குக் கட்டாயம் பிடிக்கும். குளிர்காலத்திலிருந்து வசந்தம் வரை வந்தால் கூனைப்பூவை, அதாவது ஆர்ட்டிச்சோக்கை, விடாதீர்கள். யூதர் பாணியில் முழுப் பூவையும் இரண்டு தடவை எண்ணெயில் பொரிப்பார்கள். வெளி இதழ்கள் மொறுமொறு என்று உடையும், நடுப்பகுதி வெண்ணெயாகக் கரையும். பழைய யூதர் குடியிருப்பான கெட்டோ பகுதியில் வீயா தெல் போர்த்திக்கோ தொத்தாவியாத் தெருவில் கிடைக்கும்.

கடையில் சொல்ல வேண்டியது: சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா உவோவா, சென்சா ஃபொர்மாஜ்ஜோ. இறைச்சி, மீன், முட்டை, சீஸ் எதுவும் வேண்டாம். ஒரு தாளில் எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது. சமையலறைக்கு அந்தத் தாளையே எடுத்துப் போய்க் கேட்டு வருவார்கள்.

கேள்வி (கீழக்கரை): பன்றி கலக்காத சாப்பாடு, முடிந்தால் ஹலால், ரோமில் எங்கே கிடைக்கும்?

பதில்: மேலே சொன்ன நாலு பாஸ்தாவில் மூன்றில் பன்றி உண்டு, காச்சோ எ பேப்பே மட்டும் தப்பும். "சென்சா மயாலே" என்றால் பன்றி வேண்டாம். சமையலில் வைன் ஊற்றும் பழக்கம் இருப்பதால் "சென்சா வீனோ" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். திராமிசு என்ற இனிப்பிலும் மது இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். ஹலால் வேண்டுமென்றால் தெர்மினி ஸ்டேஷனுக்கு அருகில் எஸ்குவிலினோ. பியாத்சா வித்தோரியோ சதுக்கத்தைச் சுற்றி பங்களாதேஷ், இந்தியக் கடைகள் நிறைய. அங்குள்ள சந்தையில் ஹலால் கறிக்கடைகளும் உண்டு. வெள்ளிக்கிழமை நீங்கள் ஊரில் இருந்தால் 1995இல் திறந்த பெரிய பள்ளிவாசலுக்கே போங்கள். ஜும்ஆ நேரத்தில் வெளியே சாப்பாட்டுக் கடைகள் போடுவார்கள். கெட்டோவில் யூத உணவு விதிப்படி நடக்கும் கோஷர் உணவகங்களிலும் பன்றி கிடையாது. வெள்ளி இரவும் சனி மதியமும் அவை மூடியிருக்கும்.

கேள்வி (பெங்களூரு): போன தடவை பில்லைப் பார்த்து அதிர்ந்துவிட்டோம். கேட்காத ரொட்டிக்கெல்லாம் காசு. இது முறைதானா?

பதில்: இத்தாலி முழுவதும் கொபெர்த்தோ என்று ஆளுக்கு இவ்வளவு என உட்காரும் கட்டணம் உண்டு. ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை வாங்கக் கூடாது. அதனால் ரொட்டி என்று எழுதி வாங்குகிறார்கள். வேண்டாம் என்றால் கூடை வந்த உடனே திருப்பி அனுப்பலாம். சேவைக் கட்டணம் இருந்தால் மெனுவில் எழுதியிருக்க வேண்டும். டிப்ஸ் கட்டாயமில்லை.

பில் உண்மையில் எகிறுவது மீனில். விலைக்குப் பக்கத்தில் "எத்தோ" என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தோ என்றால் 100 கிராம். 7 யூரோ என்று நினைத்து ஆர்டர் செய்த மீன் 800 கிராம் இருந்தால் 56 யூரோ. சமைப்பதற்கு முன்னால் மீனைக் கொண்டுவந்து காட்டி, எடையையும் மொத்த விலையையும் சொல்லச் சொல்லுங்கள். ஃப்ளோரன்ஸில் மாட்டிறைச்சி ஸ்டேக்கும் எடைக்குத்தான். மெனுவில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறையவைத்த சரக்கு.

உணவகத்தில் பாட்டில் தண்ணீர்தான் வைப்பார்கள். தெருவில் காசே வேண்டாம். 1874 முதல் வைத்துவரும் நசோனி என்ற இரும்புக் குழாய்கள் ஊர் முழுக்கச் சுமார் 2,500 இருக்கின்றன, தண்ணீர் ஜில்லென்று ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகப் பீய்ச்சும், அப்படியே வாய் வைக்காமல் குடிக்கலாம்.

கேள்வி (மதுரை): அக்கா, எங்களுக்குக் குடல், ஈரல், நுரையீரல் எல்லாம் பிடிக்கும். ரோமில் இதெல்லாம் சாப்பிடுவார்களா? மாட்டுக்கறி மட்டும் வேண்டாம்.

பதில்: சரியான ஊருக்குத்தான் வருகிறீர்கள். எங்கள் தெஸ்தாச்சோவில் 1975 வரை பெரிய அறுப்புக்கூடம் இருந்தது. நல்ல கறி பணக்காரர் வீட்டுக்கும் மடங்களுக்கும் போய்விடும். வாலும் குடலும் தலையும் தொழிலாளிகளுக்கு வரும். அதை வைத்து அவர்களும் சுற்றியிருந்த ஒஸ்தேரியா என்ற எளிய உணவகங்களும் செய்த சமையலுக்கு, நாலு கால்பங்குக் கறியும் போக மிஞ்சியது என்ற பொருளில், "ஐந்தாவது கால்பங்கு" என்று பேர். தக்காளியிலும் செலரியிலும் மணிக்கணக்கில் வேகும் மாட்டு வால், புதினாவும் பெக்கொரினோவும் போட்ட த்ரிப்பா, இவைதான் பிரபலம். இரண்டும் மாடு, எனவே உங்களுக்கு இல்லை.

நீங்கள் கேட்க வேண்டியது கொரத்தெல்லா. ஆட்டுக்குட்டியின் இதயம், ஈரல், நுரையீரலைச் சிறு துண்டுகளாக்கி வெங்காயத்தோடு, பருவம் இருந்தால் கூனைப்பூவும் சேர்த்து வதக்குவார்கள். மசாலா இல்லாமலே ஈரலுக்கு இவ்வளவு ருசி உண்டா என்று ஆச்சரியப்படுவீர்கள். அடுத்தது அபாக்கியோ ஸ்கொத்தாதீத்தோ, தணலில் வாட்டிய ஆட்டுக்குட்டி விலாச் சாப்ஸ். கையால் எடுத்துக் கடித்துத்தான் சாப்பிட வேண்டும், கத்தி முள்கரண்டி தேவையில்லை. மாடு என்பதற்கு மான்சோ, கன்று என்பதற்கு வித்தெல்லோ. ராகு என்ற கறிக் குழம்பிலும் கறி உருண்டையிலும் பெரும்பாலும் மாடு இருக்கும்.

கேள்வி (துபாய்): மாலை நாலு மணிக்குப் பிள்ளைகளுக்குப் பசித்தால் என்ன செய்வது?

பதில்: மதியச் சமையலறை இரண்டரை, மூன்று மணிக்கு மூடிவிடும், இரவு ஏழரைக்கு மேல்தான் திறக்கும். இடையில் எடைக்கு விற்கும் பீட்சாக் கடைதான் கைகொடுக்கும். எவ்வளவு வேண்டும் என்று விரலால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டிச் சூடாக்கித் தருவார்கள். காம்போ தெ ஃபியோரி சதுக்கத்து அடுமனையின் வெறும் பீட்சாவும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பார் என்று பலகை போட்ட இடமெல்லாம் காபிக்கடைதான், குடும்பத்தோடு தாராளமாகப் போகலாம். நின்று குடித்தால் காபி சுமார் ஒன்றரை யூரோ, உட்கார்ந்தால் பல மடங்காகலாம். ஸ்பானியப் படிகளில் மட்டும் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், 2019 முதல் அங்கே உட்கார்ந்தாலே அபராதம். இத்தாலியின் ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டிப் பல குடும்பக் கடைகள் வாரக்கணக்கில் பூட்டியிருக்கும், அந்தச் சமயம் வந்தால் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி (சேலம்): நல்ல ஜெலாத்தோவை, அதாவது இத்தாலிய ஐஸ்க்ரீமை, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நிறத்தைப் பாருங்கள். பிஸ்தா மங்கிய பச்சையாகவும் வாழைப்பழம் சாம்பல் கலந்த வெள்ளையாகவும் இருக்க வேண்டும். பளீரென்ற நிறத்தில் மலைபோல் குவித்து வைத்திருந்தால் வாங்காதீர்கள். மூடி போட்ட உலோகப் பாத்திரத்தில் வைத்திருக்கும் கடையைத் தேடுங்கள்.

கேள்வி (டொராண்டோ): அக்கா, ரோம் முடிச்சு பலெர்மோவுக்குச் சொந்தக்காரரிட்டப் போறம். அங்க என்ன சாப்பிடலாம்? கூகுள் ரிவியூவை நம்பலாமோ?

பதில்: பலெர்மோவில் நம் ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், உங்கள் சொந்தக்காரர்களே உங்களைக் கவனித்துக்கொள்வார்கள். வெளியே சாப்பிட பல்லரோ சந்தைக்குப் போங்கள். பனெல்லே கட்டாயம் சாப்பிடுங்கள். கடலை மாவைக் கிண்டி ஆறவைத்து, வில்லை போட்டுப் பொரித்து, பன்னுக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். காய் வைக்காத பஜ்ஜி மாதிரி இருக்கும், சைவக்காரருக்கும் ஏற்றது.

ரிவியூவில் மொத்த நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள். இத்தாலிய மொழியில் எழுதியதைப் புதியது முதலாக வைத்து, மொழிபெயர்த்துப் படியுங்கள். ஊர்க்காரர்கள் ஒரு குறிப்பிட்ட பதார்த்தத்தின் பேரைச் சொல்லித் திரும்பத் திரும்பப் புகழ்ந்தால் அதையே ஆர்டர் செய்யுங்கள். கடைக் கண்ணாடியில், உள்ளூர் உணவு மரபைப் போற்றும் ஸ்லோ ஃபுட் அமைப்பின் நத்தைச் சின்னம் ஒட்டியிருந்தால் தைரியமாக உள்ளே போகலாம்.

கேள்வி (ஹைதராபாத்): எங்கள் ரயில் தெர்மினிக்கு இரவு பத்தரைக்குத்தான் வருகிறது. அந்த நேரத்தில் ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஸ்டேஷனின் ஜொலித்தி தெருப் பக்கம் 2016இல் திறந்த மெர்காத்தோ சென்த்ராலே என்ற உணவுக் கூடம் நள்ளிரவு வரை நடக்கும். ஒவ்வொரு ஸ்டாலிலும் ஒவ்வொருவர் சமைப்பதால் வீட்டில் ஒருவருக்குப் பாஸ்தா, ஒருவருக்குப் பீட்சா, ஒருவருக்குச் சுப்ளி என்று பிரித்து வாங்கி ஒரே மேஜையில் சாப்பிடலாம். பெட்டி படுக்கையோடு போனாலும் இடம் இருக்கும். பதினொன்றரைக்கு மேல் சில ஸ்டால்கள் அடுப்பை அணைக்கத் தொடங்கலாம், அதனால் ரயிலிலிருந்து இறங்கியதும் முதலில் சாப்பாடு, அப்புறம் ஓட்டல் அறை.