மிதவை விமானத்தில் மீன்பிடி லொட்ஜ்: முற்பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். ஜூலையில் நான், மனைவி, 7, 11 வயதுப் பிள்ளைகள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கும் 68 வயது அம்மா ஆகிய ஐவரும் ஐந்து இரவுகள் மீன்பிடிக்கப் போக நினைக்கிறோம். வடக்கு ஒன்ராறியோவிலுள்ள ஹேர்ஸ்ட் ஊர் வரை காரில் போய், அங்கிருந்து மிதவை விமானத்தில் லொட்ஜுக்குப் போகவேண்டும். 'அமெரிக்கன் பிளான்', 'ஹவுஸ்கீப்பிங் பிளான்' என்று இரண்டு விலை தந்து, பாதிக் காசை இப்போதே கேட்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: அமெரிக்கன் பிளானில் மூன்று நேரச் சாப்பாடும் அவர்களுடையது. ஹவுஸ்கீப்பிங்கில் குசினி, குளிர்சாதனப் பெட்டி, பாத்திரங்கள் தருவார்கள், சமையல் உங்களுடையது. அம்மாவுக்குச் சோறு கறி இல்லாமல் முடியாதென்றால் இரண்டாவதுதான் வசதி. ஆனால் ஐந்து பேருக்கான அரிசி, மா, மரக்கறி எல்லாம் விமானத்தின் எடைக் கணக்கில் ஏறும். ஆளுக்கு எத்தனை இறாத்தல், அதில் சாப்பாட்டுச் சாமானும் சேருமா, கூடினால் இறாத்தலுக்கு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். மலிவாகத் தெரிந்த பிளான் விலை கூடுவது இந்த இடத்தில்தான்.

எந்த விமானம் என்பதையும் கேளுங்கள். பீவர் என்ற சிறிய விமானம் என்றால் ஐந்து பேர் ஏறியபின் சாமானுக்கு அதிகம் மிஞ்சாது. இரண்டாவது தடவை பறக்க வேண்டிவரலாம். அதைவிடப் பெரிய ஒட்டர் என்றால் ஒரே தடவையில் போய்விடலாம். கெட்டிப் பெட்டி வேண்டாம், துணிப் பைகளில் அடுக்குங்கள். இரண்டாகக் கழற்றும் தூண்டில் தடி எடுங்கள்.

இந்த விமானங்கள் கண்பார்வையை நம்பிப் பறப்பவை. பனிமூட்டம், தாழ்ந்த முகில், பலத்த காற்று இருந்தால் பறக்கமாட்டார்கள், பறக்கச் சொல்லி நெருக்கவும் கூடாது. ஹேர்ஸ்டில் ஓர் இரவு காத்திருந்தால் அந்த ஹோட்டல் காசு யாருடையது, லொட்ஜில் இழந்த இரவுக்குக் கழிவு உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் "இல்லை" என்றே பதில் வரும். அதை முற்பணம் கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டும். திரும்பும் நாளும் தள்ளிப் போகலாம் என்பதால் அம்மாவின் மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாகக் கொண்டுபோங்கள்.

விலை எந்த டொலரில் என்று பாருங்கள். இந்த லொட்ஜ்களுக்கு அமெரிக்க வாடிக்கையாளர் அதிகம். பல இடங்களில் விலை அமெரிக்க டொலரில்தான் இருக்கும். அதன்மேல் 13% எச்.எஸ்.ரி. (விற்பனை வரி), எரிபொருள் மேலதிகக் கட்டணம், படகுப் பெற்றோல், இரை, வழிகாட்டி, டிப்ஸ் ஆகியவற்றில் எது சேர்ந்தது, எது சேராதது என்று மின்னஞ்சலில் வாங்குங்கள்.

முற்பணத்தைக் கடனட்டையில் கட்டுங்கள், ஈ-ட்ரான்ஸ்பரில் வேண்டாம். ஒன்ராறியோவில் பதிவுபெற்ற பயண முகவரிடம் வாங்குவோருக்கு டிக்கோ (ஒன்ராறியோ பயணத்துறைக் கண்காணிப்பு அமைப்பு) நடத்தும் இழப்பீட்டு நிதி இருக்கிறது. லொட்ஜுக்கு நேரே கட்டினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. வரமுடியாமல் போனால் முற்பணத்தை அடுத்த கோடைக்கு மாற்றுவார்களா, எந்தத் திகதி வரை என்பதும் எழுத்தில் வேண்டும். அம்மாவுக்கு ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) கிடையாது. அவருடைய வருகையாளர் காப்புறுதியில் விமான அம்புலன்ஸ் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றுக்கு எழுத்தில் பதில் தராத லொட்ஜுக்குக் காசு கட்டவேண்டாம் என்பதே எங்கள் எண்ணம்.

கேள்வி: அம்மாவுக்கு 65 தாண்டிவிட்டதால் மீன்பிடி அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்கிறார்கள். சரியா?

பதில்: இல்லை. 65 வயதுச் சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்கு. வருகையாளரான அம்மா தூண்டில் போடுவதென்றால் வெளிநாட்டவருக்கான அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும். எட்டு நாள் பத்திரம் போதும், கூடவே அவுட்டோர்ஸ் கார்டு என்ற ஒன்ராறியோ அடையாள அட்டையும் வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம். நீங்களும் மனைவியும் எடுக்கவேண்டும். காட்டில் இணையம் இருக்காது, அச்சடித்துக் கொண்டுபோங்கள்.

பலர் பிழைவிடுவது எண்ணிக்கையில். அனுமதிப்பத்திரத்தில் இரண்டு வகை உண்டு. வடக்கின் பல மீன்பிடி வலயங்களில் 'ஸ்போர்ட்' பத்திரத்துக்கு வால்ஐ மீன் நான்கு, 'கொன்சர்வேஷன்' பத்திரத்துக்கு இரண்டு. 46 சென்ரிமீற்றருக்கு மேல் ஒன்றுதான். இது நாளொன்றுக்கு மட்டுமான கணக்கல்ல, கையிருப்பின் உச்சமும் இதுவே. ஐந்து நாளும் நான்கு நான்காகச் சேர்த்து இருபது கொண்டுவர முடியாது. வீட்டு உறைபெட்டியில் கிடப்பதும் கணக்கில் வரும். பொதி செய்யும்போது ஒவ்வொரு துண்டிலும் தோலில் கொஞ்சம் விட்டு, ஒரு மீனின் இரண்டு துண்டுகளையும் ஒரு பையில் தட்டையாக வைத்து உறையவிடுங்கள். மொத்தமாகக் கட்டியாக உறைந்தால் அதிகாரியால் இனம் பார்க்கவோ எண்ணவோ முடியாது. உங்கள் ஏரி எந்த வலயத்தில் என்று அந்த வருட விதிக் கையேட்டில் பாருங்கள்.

கேள்வி: ஜூலையில் பூச்சி எப்படி?

பதில்: கறுப்பு ஈ ஜூன் முடிவோடு குறையும், நுளம்பு இருக்கும். நுளம்பு குறைய வேண்டுமென்றால் ஓகஸ்ட் கடைசி நல்லது. பூச்சி விரட்டி மருந்தில் 7, 11 வயதுக்கு 10% வரையான டீட், அல்லது 20% இகாரிடின். டீட் பட்ட கையால் பிளாஸ்ரிக் சாமான்களைத் தொடவேண்டாம், சில வகைப் பிளாஸ்ரிக்கைக் கெடுக்கும்.

கேள்வி: பிள்ளைகளுக்கு லொட்ஜில் உயிர்காப்பு அங்கி இருக்குமாம். நம்பலாமா?

பதில்: பெரியவர் அளவுதான் தாராளமாக இருக்கும். பிள்ளையின் எடைக்குப் பொருந்துவது வேண்டும், ஆகவே இங்கேயே வாங்கிக் கொண்டுபோங்கள். காற்று நிரப்பும் வகை 16 வயதுக்குக் கீழே அனுமதியில்லை. கடையிலேயே போட்டு, எல்லாப் பட்டியையும் இறுக்கி, இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி நாடியைத் தாண்டி ஏறினால் பெரிது. தண்ணீரிலும் அப்படியே ஏறி, பிள்ளை கீழே வழுகிப்போகும்.