பாக்ஸ மாத்தாதீங்க, முதல்ல சத்தம் முந்துதா பிந்துதான்னு பாருங்க

"ஸ்ட்ரீமிங் பாக்ஸ்ல படம் பாக்கும்போது வாய் அசைவும் சத்தமும் ஒட்ட மாட்டேங்குது, ரீஸ்டார்ட் பண்ணியும் சரியாகல, பாக்ஸ மாத்திடலாமா?"ன்னு கேட்டிருக்கீங்க.

மாத்தாதீங்க. இந்த விஷயத்துல நான் எங்க அம்மாவ ஆறு மாசம் கஷ்டப்படுத்தி இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

உங்க செட்டப் அநேகமா எங்க வீடு மாதிரியே தான் இருக்கும். பாக்ஸ் டிவில மாட்டி இருக்கும், டிவில இருந்து சவுண்ட்பாருக்கு (டிவிக்கு கீழ வைக்கிற நீள ஸ்பீக்கர்) ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிள் போகும், இல்லன்னா ப்ளூடூத்ல ஓடும். அப்படி இருந்தா படம் ஒரு வழியா வருது, சத்தம் வேற வழியா வருது, ரெண்டும் ஒரே நேரத்துல வந்து சேரணும்னு யாரும் உத்தரவாதம் கொடுக்கல. டிவி படத்த வாங்கி, மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்ஷன்னு படத்த மெருகேத்த என்னென்னவோ பண்ணிட்டு தான் ஸ்க்ரீன்ல போடும், அதுக்கு 100 மில்லி செகண்டுக்கு மேல கூட ஆகும். அந்த நேரத்துல சத்தம் சவுண்ட்பாருக்கு போய் வெளிய வந்திருக்கும். இதுல பாக்ஸ் மேல தப்பே இல்லாம இருக்கலாம்.

எங்க வீட்லயும் சவுண்ட்பார் மாட்டின அன்னைக்கே இது வந்துச்சு. வாய் திறக்கறதுக்கு முன்னாடியே பேச்சு வந்துடும். எனக்கு ரெண்டு நிமிஷம் கூட பாக்க முடியல. சவுண்ட்பார் செட்டிங்ஸ்ல சத்தத்த வேணும்னே லேட்டாக்குற ஆடியோ டிலேன்னு ஒன்னு இருந்துச்சு, ஏத்தி ஏத்தி பாத்து 130 மில்லி செகண்ட்ல வச்சேன், கச்சிதமா உக்காந்துச்சு. அதோட அத மறந்தே போயிட்டேன்.

எங்க அம்மாவுக்கு ரொம்ப வருஷமா காது மந்தம், ரெண்டு காதுலயும் மெஷின். ஒரு நாள் நியூஸ் பாத்துட்டு இருந்தவங்க, "என்னடா, அந்தம்மா பேசி முடிச்ச அப்புறம் தான் பேச்சு வருது"ன்னாங்க. நான் வந்து நின்னு பாத்தேன், எனக்கு ஒன்னும் தெரியல. வீட்ல வேற யாருக்கும் தெரியல. "மெஷின்ல பேட்டரி போயிருக்கும்மா"ன்னு சொல்லிட்டு போயிட்டேன். அவங்க திரும்ப திரும்ப சொல்லவும், காது டெஸ்ட்டுக்கு கூட்டிட்டு போனேன், ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. ரெண்டு தடவயும் கிராஃப் பழையபடியே தான் இருந்துச்சு, மெஷினும் நல்லா தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் அம்மா அந்த பேச்சையே எடுக்கல. நியூஸ் நேரத்துல உள் ரூம்ல போய் படுத்துக்க ஆரம்பிச்சாங்க. வயசாகுது, டயர்டா இருக்கும்னு நாங்களா நினைச்சுக்கிட்டோம்.

ஒரு நாள் ராத்திரி வீட்ல நாங்க ரெண்டு பேர் மட்டும் தான். வற்புறுத்தி பக்கத்துல உக்கார வச்சேன். நியூஸ் வாசிக்கிறவங்க முகத்த விரலால காட்டி, "இப்ப பாரு, உதட்ட மூடிட்டாங்களா, 'ம' சொல்லியாச்சு, இப்ப தான் வருது பாரு"ன்னாங்க. நான் சத்தத்த விட்டுட்டு உதட்ட மட்டும் பாத்தேன். ப, ம ரெண்டு எழுத்தும் உதடு ஒட்டாம வராது. உதடு ஒட்டி, பிரிஞ்சு, அதுக்கப்புறம் தான் சத்தம் வந்து விழுந்துச்சு. ஒரு தடவ கண்ணுல பட்டுட்டா அப்புறம் அத பாக்காம இருக்கவே முடியல. எனக்கு வயிறு கலங்கிடுச்சு. அவங்க அத்தன மாசமா சொன்னது அத்தனையும் நிஜம்.

காது மந்தமா இருக்கறவங்க பாதி காதால, பாதி கண்ணால தான் கேக்குறாங்க. அது அவங்க மட்டும் இல்ல, நாமளும் தான். 1976ல ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட்னு ரெண்டு பேர் இத ஆராய்ச்சி பண்ணி போட்டாங்க, 'பா'ன்னு சத்தத்த போட்டு 'கா' சொல்ற வாய காட்டினா, பாக்குறவங்க பல பேருக்கு 'டா'ன்னு மூணாவதா ஒன்னு கேக்குது. அந்த அளவுக்கு கண்ணு காத மாத்துது. அம்மாவுக்கு உதடு தப்பான நேரத்துல வந்தா, கேக்குற கொஞ்ச நஞ்சமும் குழம்பி போயிடும். அது தான் நடந்திருக்கு.

அப்ப எனக்கு ஏன் தெரியல? அதுக்கும் காரணம் இருக்கு. ஐடியூ, அதாவது சர்வதேச தொலைத்தொடர்பு சங்கம், 1998ல இதுக்கு ஒரு பரிந்துரை போட்டிருக்கு. சத்தம் படத்துக்கு முன்னாடி வந்தா 45 மில்லி செகண்ட்லயே மனுஷனுக்கு தெரிஞ்சிடும், பின்னாடி வந்தா சுமார் 125 ஆனா தான் தெரிய ஆரம்பிக்கும். தாங்கிக்க முடியற எல்லையா முன்னாடிக்கு 90, பின்னாடிக்கு 185ன்னு வச்சிருக்காங்க. ஏன் இந்த வித்தியாசம்னா, வெளிச்சம் உடனே வந்துடுது, சத்தம் செகண்டுக்கு 343 மீட்டர் தான் ஓடுது, 10 மீட்டர் தள்ளி ஒருத்தர் கை தட்டினா சத்தம் 29 மில்லி செகண்ட் கழிச்சு தான் நம்ம காதுக்கு வரும். மின்னலுக்கு அப்புறம் இடி வர்றத பாத்தே வளர்ந்த மூளை, லேட்டா வர்ற சத்தத்த பெருசா எடுத்துக்காது. முந்தி வர்ற சத்தம் இயற்கைலயே கிடையாது, அதனால உடனே உறுத்துது.

அன்னைக்கே அளந்தும் பாத்தேன். ஒருத்தர் கை தட்டுற வீடியோவ டிவில ஓட விட்டு, போன டிவி கிட்டயே வச்சு செகண்டுக்கு 60 ஃபிரேம்ல ரெக்கார்ட் பண்ணி (3 மீட்டர் தள்ளி நின்னு எடுத்தா அதுவே 9 மில்லி செகண்ட் சேத்துடும், அதனால தான் கிட்ட), எடிட்டிங் ஆப்ல ஒவ்வொரு ஃபிரேமா நகத்தினேன். கை ரெண்டும் ஒட்டின ஃபிரேம்ல இருந்து 7 ஃபிரேம் தள்ளி தான் சத்தத்தோட கோடு எழும்புது. ஒரு ஃபிரேம் 16.7 மில்லி செகண்ட், 7க்கு 117. எங்களுக்கு தெரியற 125ங்கற எல்லைக்கு கொஞ்சம் இந்தப் பக்கம், உதட்ட பாத்து பழகின அம்மாவுக்கு நல்லாவே தெரியற அளவு.

காரணம் என்னன்னா, எங்க அக்கா பையன் லீவுக்கு வந்தப்ப கேம் கன்சோல் மாட்டி, டிவில கேம் மோட் போட்டு, 'எல்லா இன்புட்டுக்கும்'னு கொடுத்துட்டு போயிருக்கான். கேம் மோட்ல டிவி அந்த ஜோடனை வேலை எல்லாத்தையும் விட்டுடும், படம் சட்டுன்னு வந்துடும். ஆனா நான் வச்ச 130 சவுண்ட்பார்ல அப்படியே இருக்கு. அப்ப சத்தம் தான லேட்டாகும்! பையன் மேல தப்பு இல்ல, சின்னப் பையன். கேக்க வேண்டியத கேக்காதவன் நான் தான். டிலேவ 130ல இருந்து கீழ இறக்கினதும் ஒரே நிமிஷத்துல சரியாச்சு.

இப்ப உங்க விஷயம். தமிழ் டப்பிங் படத்துல செக் பண்ணாதீங்க, அதுல உதடு எப்பவும் ஒட்டாது. நியூஸ் மாதிரி நேரா முகத்த பாத்து பேசறத எடுத்துக்கோங்க, ப, ம வர்ற இடத்த கவனிங்க. சத்தம் முந்துதா பிந்துதா, அது தான் முதல் கேள்வி. முந்துச்சுன்னா சுலபம், சவுண்ட்பார்லயோ டிவிலயோ பாக்ஸ்லயோ ஒரே ஒரு இடத்துல டிலேவ ஏத்துங்க. ரெண்டு இடத்துல ஏத்தி வச்சா நாளைக்கு எத இறக்கறதுன்னு தெரியாம மாட்டிப்பீங்க. பிந்துச்சுன்னா, எங்கயோ ஏற்கனவே ஏத்தி வச்சது இருக்கான்னு தேடி 0 பண்ணுங்க, ஏன்னா பெரும்பாலான மெஷின்ல சத்தத்த லேட்டாக்க தான் வழி இருக்கு, முன்னாடி இழுக்க வழி இல்ல. அப்பவும் பிந்தினா பாக்ஸோட ஆடியோ அவுட்புட்ட டால்பில (சுருக்கி அனுப்பற சத்தம்) இருந்து பிசிஎம்முக்கு (சுருக்காத சத்தம்) மாத்தி பாருங்க, சவுண்ட்பாருக்கு அத பிரிச்சு எடுக்குற வேலை மிச்சம், பல வீட்ல இதுலயே சரியாகும். சரவுண்ட் போயிடுமேன்னு சொல்லுவாங்க, ரெண்டு ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பாருக்கு அதுல பெருசா ஒன்னும் இழப்பு இல்ல. ப்ளூடூத்னா ஒயருக்கு மாறுங்க, சாதாரண ப்ளூடூத்ல 100, 200 மில்லி செகண்ட் போறது சகஜம்.

பாக்ஸ் ஃபயர் டிவின்னா, சத்தத்தையும் படத்தையும் ஒட்ட வைக்க ஆடியோ செட்டிங்ஸ்குள்ளயே ஏவி சிங்க் ட்யூனிங்னு இருக்கு. ஆப்பிள் டிவில வயர்லெஸ் ஆடியோ சிங்க்னு கொடுத்தா, ஐபோன பக்கத்துல வச்சதும் அதுவே சத்தம் எழுப்பி அளந்துக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டர்ல விஎல்சி ப்ளேயர்ல பாக்குறவங்களா இருந்தா கீபோர்டுல ஜே, கே ரெண்டு எழுத்தும் சத்தத்த 50 மில்லி செகண்டா முன்ன பின்ன நகத்தும்.

இன்னொன்னு, ஆரம்பத்துல சரியா இருந்து போகப் போக விலகுதுன்னா அது வேற வியாதி, டிலேவ தொடாதீங்க. ஆப்ல பாக்கும்போது அப்படி ஆனா நிறுத்திட்டு 10 செகண்ட் பின்னாடி போய் ஓட விடுங்க, பெரும்பாலும் திரும்ப ஒட்டிக்கும். டவுன்லோட் பண்ணின ஃபைல்னா ஃபிரேம் ரேட் குளறுபடியா இருக்கும். செகண்டுக்கு 23.976 ஃபிரேம்ல ஓட வேண்டிய படம் 24ல ஓடினா, 0.1 சதவீதம் தானேன்னு தோணும், ஆனா ஒரு மணி நேரத்துல 3.6 செகண்ட் விலகிடும்.

நான் இன்ஜினியர் இல்ல, ஹோம் தியேட்டர் ஆளும் இல்ல. ரிசீவர் வாங்கினா, இஆர்க் (டிவில இருந்து சவுண்ட்பாருக்கு சத்தம் அனுப்பற புது ஹெச்டிஎம்ஐ வசதி) இருந்தா தானா சரியாகும்னு சொல்றவங்க இருக்காங்க, உண்மை தான், இஆர்க்ல உதட்டையும் சத்தத்தையும் ஒட்ட வைக்கிற லிப் சிங்க் திருத்தம் கட்டாயமாவே சேத்திருக்காங்க. ஆனா இருக்கறத வச்சு சரி பண்ண முடியறப்ப எதுக்கு செலவு? எங்க சவுண்ட்பார் கம்பெனிக்கு போன் பண்ணினப்ப, என்ன பிரச்சினைன்னு கேட்டு முடிக்கறதுக்குள்ள ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்கன்னாங்க. பண்ணியிருந்தா டிலே 0 ஆகி அன்னைக்கு சரியாகி இருக்கும், எதனால ஆச்சுன்னு தெரிஞ்சிருக்காது, டிவிய சினிமா மோடுக்கு மாத்தின மறுநாளே திரும்ப வந்திருக்கும்.

கேள்விக்கு சம்பந்தம் இல்லன்னாலும் ஒன்னு சொல்லணும். காது கேக்காதவங்க கிட்ட பேசறப்ப ஜனங்க கத்துறாங்க, அதுவும் அடுத்த ரூம்ல இருந்துகிட்டு, முதுகு காட்டிக்கிட்டு, வாய கையால மறைச்சுக்கிட்டு. அப்புறம் "இவங்களுக்கு எத்தன தடவ சொன்னாலும் புரியாது"ன்னு அவங்க முன்னாடியே சொல்றாங்க. முன்னாடி வந்து நின்னு, வெளிச்சம் முகத்துல பட நின்னு, சாதாரண சத்தத்துல பேசுங்க. அம்மா கிட்ட அப்படி பேசினா ஒரு வார்த்த விடாம பிடிச்சுப்பாங்க.

எங்க டிவி பின்னாடி இப்ப ஒரு துண்டு பேப்பர் ஒட்டி இருக்கு, "சினிமா மோட் 130, கேம் மோட் 15"னு. பையன் வந்து விளையாடிட்டு போனா அம்மாவே ரிமோட்ட எடுத்து மாத்திக்கிறாங்க. நீங்க சத்தம் முந்துதா பிந்துதா, எந்த கேபிள்ல போகுதுன்னு மட்டும் பாத்து சொல்லுங்க, அதுக்கு மேல எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.