அத்தை இல்லாத புத்தாண்டில் அந்தப் படம்

அன்புள்ள ஆலோசகருக்கு,

மதுரையிலிருந்து மருத்துவம் படிக்க ரஷ்யா வந்தவள் நான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்காரரை மணந்து இங்கேயே தங்கிவிட்டேன். எட்டு வயதில் மகள் இருக்கிறாள்.

இங்கே டிசம்பர் 31 என்றால் 'இரோனியா சுட்பி' படம்தான். எல்தார் ரியசானவ் எடுத்தது, 1976 ஜனவரி 1 அன்று தொலைக்காட்சியில் முதலில் வந்தது. நீராவிக் குளியலுக்குப் போய்க் குடித்து மயங்கிய மாஸ்கோ டாக்டர் ஒருவனை நண்பர்கள் ஆள் மாறி லெனின்கிராட் (எங்கள் பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்) விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அங்கேயும் அதே தெருப் பெயர், அதே வீட்டு எண். அவன் சாவியும் பொருந்திவிடும். அது நாத்யா என்பவளின் வீடு. மூன்று மணி நேரப் படம். அத்தை, அதாவது கணவரின் அம்மா, சாலடுக்கு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டே வசனங்களை முந்திச் சொல்வார். எனக்குப் பாதி ரஷ்ய மொழி அப்படி வந்ததுதான்.

அக்டோபரில் அத்தை இறந்துவிட்டார். "இந்த வருஷம் அந்தப் படம் வேண்டாம்" என்கிறார் கணவர். மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவர் மனம் மாற நான் என்ன செய்வது? கேட்காமலே போட்டுவிடலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

கேட்காமல் போட வேண்டாம். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் தீபாவளி இல்லை என்று நம் ஊரில் விட்டுவிடுவோமே, அவர் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான். படத்தின் முடிவை நினைத்துப் பாருங்கள். மாஸ்கோ வந்த நாத்யா, "நான் யோசிக்காமல் நடப்பவள் என்று நினைக்கிறீர்களா?" என்று அந்த டாக்டரின் அம்மாவிடம் கேட்பாள். "போகப்போகப் பார்ப்போம்" என்பார் அம்மா. அம்மாவை இழந்து மூன்று மாதம்கூட ஆகாதவர் அந்தக் காட்சியை எப்படிச் சிரித்துப் பார்ப்பார்?

உங்கள் கடிதத்தில் ஒன்று என்னை உறுத்தியது. கணவருக்காகக் கேட்டீர்கள், மகளுக்காகக் கேட்டீர்கள். உங்கள் துக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. மொழி கற்றுத்தந்த அத்தையை நீங்களும்தானே இழந்திருக்கிறீர்கள்? படத்தைப் பார்க்கும் ஆசை மகளுடையது மட்டும்தானா?

இதை அவரிடம் சொல்லுங்கள். 31 இரவு வரை தள்ளாமல், முன்பே ஒரு சாதாரண மாலையில். "போடலாமா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "எனக்கும் அத்தை நினைப்பாகவே இருக்கிறது" என்று ஆரம்பியுங்கள். மகளிடமும் காரணத்தை மறைக்க வேண்டாம்; பாட்டியைப் பற்றிப் பேசவே கூடாது போல என்று அவள் நினைத்துவிடுவாள். படத்தை அவளோடு வேறொரு நாள் பகலில் பாருங்கள், அவரிடம் சொல்லிவிட்டே. அவராக வந்து உட்கார்ந்தால் சரி, கூப்பிட வேண்டாம்.

அப்புறம், அந்த சாலடை மட்டும் விட்டுவிடாதீர்கள். உருளைக்கிழங்கு நறுக்க மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.