தம்பியை ரிமாண்ட் செய்துவிட்டார்கள். எந்த வக்கீலைப் பார்ப்பது?

கேள்வி: எங்கள் ஊர் கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த அடிதடியில் என் தம்பியை (வயது 23) வெள்ளிக்கிழமை ராத்திரி போலீஸ் பிடித்துப் போனது. மறுநாள் ரிமாண்ட் செய்து கிளைச் சிறையில் வைத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆரில் 296(பி), 115(2), 118(1), 351(3) என்று போட்டிருக்கிறது. எதிர்த்தரப்புப் பையனுக்குத் தலையில் தையல். கோர்ட் வாசலில் ஒருவர், "50,000 கொடுங்கள், கொலை முயற்சி செக்‌ஷன் வராமல் பார்த்துக்கொள்கிறேன், திங்கள்கிழமையே பெயில்" என்கிறார். மாமா, மதுரையிலிருந்து பெரிய வக்கீலைக் கூட்டி வரலாம் என்கிறார். அப்பா இல்லை, நானும் அம்மாவும்தான். என்ன செய்வது?
— ஓர் அக்கா, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அந்த 50,000 ரூபாயை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், அம்மா. அதுதான் முதல் வேலை. ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருக்கும் எண்கள் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் இதுதான் நடைமுறையில் இருக்கிறது. ஊரில் விவரம் தெரிந்தவர்கள் இன்னும் 324, 307 என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்ட எண்களில்தான் பேசுவார்கள், அதில் குழம்ப வேண்டாம். 296(பி) பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது. அதிகபட்சம் 3 மாதம். 115(2) சாதாரண காயம்; ஒரு வருடம் வரை. 351(3) கொலை மிரட்டல்; 7 வருடம் வரை போகலாம். அடிதடி வழக்கு என்றாலே இந்த மூன்றும் வரிசையாக வந்து உட்காரும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது 118(1). ஆயுதத்தால், அதாவது கம்பு, கம்பி, அரிவாள் மாதிரி ஆபத்தான ஒன்றால் காயப்படுத்தியது. 3 வருடம் வரை தண்டனை. ஸ்டேஷனிலேயே உரிமையாக ஜாமீன் கேட்க முடியாத பிரிவு. தம்பி உள்ளே இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இது இன்னும் கடுமையான பிரிவாக மேலே ஏறுமா என்பதை வாசலில் நிற்பவர் முடிவு செய்ய முடியாது. அரசு மருத்துவமனையின் காயச் சான்றிதழ்தான் அதில் பெரிய பங்கு வகிக்கும். தையல் போட்டதாலேயே கொடுங்காயம் ஆகிவிடாது. எலும்போ பல்லோ முறிந்திருந்தால், 15 நாள் கடும் வலியில் கிடந்தால் அல்லது அன்றாட வேலை செய்ய முடியாமல் போனால், கதை மாறும். அப்போது 118(2) வரும். அது ஒரு வருடத்தில் தொடங்கி ஆயுள் வரை போகிற பிரிவு. கொலை முயற்சி (பிரிவு 109) என்றால் கொல்லும் எண்ணம் இருந்ததாகவும் காட்ட வேண்டும். ஆகவே ஸ்கேன் ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று கேட்காமலேயே "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறவர் உங்கள் பயத்தை விற்கிறார். அவர் வக்கீல்தானா என்பதே சந்தேகம். பார் கவுன்சில் (வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். வக்கீலாகவே இருந்தாலும், ஜெயித்தால் இவ்வளவு என்று முடிவை வைத்து ஃபீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தவறு.

சரி, யாரைப் பார்ப்பது? உங்கள் தாலுகா மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தினமும் கிரிமினல் கேஸ் நடத்துகிறவரை. ஜாமீன் மனு முதலில் போகப்போவது அங்கேதான். தள்ளுபடியானால் பாளையங்கோட்டையில் செஷன்ஸ் கோர்ட், அதற்கும் பிறகுதான் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை. மாமா சொல்கிற பெரிய வக்கீல் அந்தக் கட்டத்தில் தேவைப்படலாம். இப்போதே கூட்டி வந்தால் பாதிச் செலவு காருக்கும் சாப்பாட்டுக்கும் போகும்.

ஆளைக் கண்டுபிடிக்க நான் சொல்கிற வழி மெனக்கெடுவது மாதிரித் தெரியும், ஆனால் பலன் தரும். காலை பத்தரைக்கு முன்னாலேயே போய் கோர்ட் ஹாலில் பின் வரிசையில் உட்காருங்கள். பெயில் மனுக்கள் கூப்பிடும்போது யார் எழுந்திருக்கிறார், வழக்குக் கட்டை (ஆவணங்களை) படித்துவிட்டு வந்திருக்கிறாரா, மாஜிஸ்திரேட் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று பெயர் கிடைத்துவிடும். கோர்ட் வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வக்கீல் பெயரைப் போட்டும் தேடலாம்; அவர் நடத்துவது கிரிமினலா, நிலத் தகராறா என்று அதிலேயே தெரியும். இணையத்தில் வரும் "நம்பர் ஒன் வக்கீல்" பட்டியல்களை விட்டுவிடுங்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்யவே விதியில் இடமில்லை. அப்படிப்பட்ட தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை ஹைகோர்ட்டே உத்தரவு போட்டது.

அப்புறம், எஃப்.ஐ.ஆர் நகலோடு அவர் முன்னால் உட்காருங்கள். கையில் இல்லையென்றால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எடுக்கலாம். தாளை வாங்கியதும் அவர் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். நல்ல கிரிமினல் வக்கீல் கதையை அப்புறம்தான் படிப்பார். முதலில் சம்பவம் எத்தனை மணிக்கு, புகார் ஸ்டேஷனுக்கு வந்தது எத்தனை மணிக்கு, எஃப்.ஐ.ஆர் கோர்ட்டுக்குப் போனது எப்போது என்று மூன்று நேரத்தையும் பார்ப்பார். இடையில் விளக்கமில்லாத தாமதம் இருந்தால் நாளைக்கு வழக்கின் பலவீனமே அதுதான். அடுத்து, "காயம்பட்டவர் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரா?" என்று கேட்பார். பெயில் மனுவில் அரசு வக்கீலிடம் கோர்ட் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் அதுதான். பையன் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தால் திங்கள்கிழமையே பெயில் என்பது கஷ்டம்; உண்மையான வக்கீல் அதை உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார். கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா என்றும் கேட்பார். கொடுத்திருக்க வேண்டும், சுப்ரீம் கோர்ட் இதை அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது.

ஃபீஸ் பேசும்போது பெயிலுக்கு மட்டுமா, வழக்கு முடியும்வரையா என்று பிரித்துப் பேசி, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். வக்காலத்தில், அதாவது வக்கீலை நியமிக்கும் தாளில், தம்பிதான் கையெழுத்துப் போட வேண்டும்; சிறை அதிகாரி சான்றொப்பத்தோடு வாங்கி வருவார்கள். பின்னால் வக்கீலை மாற்ற நினைத்தாலும் பயம் வேண்டாம். ஃபீஸ் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமையில்லை.

பணமே இல்லையென்றாலும் வழி உண்டு. காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். இலவசம்தானே என்று குறைவாக நினைக்காதீர்கள். அங்கே மிக அக்கறையாக வாதாடும் இளம் வக்கீல்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜாமீன் கிடைத்த அன்று அலையாமல் இருக்க, ஜாமீன்தாரர்களாகச் சொந்தத்தில் இரண்டு பேரை இப்போதே பேசி வையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது என்று என்னென்ன வேண்டும் என வக்கீலிடம் கேட்டுத் தயாராக வையுங்கள். காசுக்கு ஜாமீன் போட ஆள் தருகிறேன் என்று வாசலில் சொல்வார்கள். போலி ஆவணம் என்று தெரிந்தால் புது வழக்கே வரும். வெளியே வந்த பிறகு தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொல்லலாம். ஒரு நாளும் தவறக்கூடாது. சமாதானம் பேசுகிறேன் என்று மாமா அந்தப் பையன் வீட்டுக்குப் போகவும் வேண்டாம். சாட்சியை மிரட்டினார்கள் என்று சொல்லிவிட்டால் ஜாமீனுக்கே ஆபத்து. ராஜி பேச வேண்டியிருந்தால் வக்கீல் மூலமாக, பிறகு.

கடைசியாக ஒன்று. மனு போட்டுத் தம்பியைப் பார்க்கும்போது, அவன் உடம்பிலும் அடி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், ரிமாண்டுக்கு முன் டாக்டரிடம் காட்டியபோது சொன்னானா, மாஜிஸ்திரேட்டிடம் சொன்னானா என்று விசாரித்து அன்றைக்கே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் தரப்புப் புகாரையும் பதிவு செய்யச் சொல்ல அவருக்கு அது உதவும்.