பனோப்ளியில் கோப்பைத் திறந்தாச்சு, வரைபடம் எங்கே?

வானிலை, காலநிலைத் தரவுகளைச் சேமிக்கும் நெட்சிடிஎஃப் கோப்பைப் பனோப்ளியில் திறந்தால் வெறும் பெயர்ப் பட்டியல்தான் வருகிறது, சிங்கப்பூரின் காற்று வெப்பநிலையை எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாசாவின் இந்த மென்பொருளுக்கு அந்தப் பட்டியல்தான் வாசல். பெயருக்கு எதிரே வகை போட்டிருக்கும். ‘ஜியோ2டி’ (அட்சரேகை, தீர்க்கரேகைப்படி அமைந்த தரவு) என்று உள்ளதை இரட்டைக் கிளிக் செய்து, வரும் பெட்டியில் ‘கிரியேட்’டை அழுத்துங்கள், வரைபடம் வரும். மற்றவை பெரும்பாலும் நேரம், அட்சரேகை போன்ற அச்சுகள்.

கட்டுப்பாடுகள் எல்லாம் படத்துக்குக் கீழே. முதல் டேபில் தேதியை மாற்றலாம். ஸ்கேல் டேபில் ‘ஃபிட் டு டேட்டா’வை அழுத்தினால் வண்ணங்கள் தெளியும். 300 என்று வந்தால் பதற வேண்டாம். அது கெல்வின், நம் கணக்கில் சுமார் 27 டிகிரி. சிங்கப்பூர் நடுவில் வர, மேப் டேபில் மையத்தைக் கிழக்கு 104, வடக்கு 1 என வையுங்கள்.

அப்புறம், தயவுசெய்து ‘இன்டர்போலேட்’டை அணைத்துவிடுங்கள். அது கட்டங்களுக்கு இடையிலான மதிப்புகளைத் தானே கணித்து நிரப்பும் வசதி. அது இருந்தால் மேற்கே துவாஸிலிருந்து கிழக்கே சாங்கி வரை வண்ணம் வழுவழுவென்று மாறுவதுபோல் தெரியும். உங்கள் கோப்பு பூமியை 1 டிகிரி கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் அளவு தருவதானால், ஒரு கட்டத்தின் பக்கம் இங்கே ஏறத்தாழ 111 கிலோமீட்டர். நம் தீவின் நீளமே சுமார் 50தான். அணைத்ததும் தீவு முழுக்க ஒரே சதுரத்துக்குள் கிடப்பதைப் பார்ப்பீர்கள். ஜூரோங்குக்கும் பிடோக்குக்கும் தனித்தனி அளவு அந்தக் கோப்பில் கிடையாது.